செம்புச் சொம்பின் மேல் பழி இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு, கோகிலவாணி வணங்கி எழுதுவது. ஐதராபாத்தில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கவிதா அக்காவுக்கு மறுபடியும் கரு கலைந்ததைச் சொல்லிவிட்டு நேற்று போனில் அழுதீர்கள். “செம்பு கருவுக்கு ஆகாதுன்னு நீதானே கண்ணு சொன்ன? நாந்தான் செம்புச் சொம்புல தண்ணி குடுத்துக் கெடுத்துட்டேன்” என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் நம் மலையில் சிக்னல் போய்விட்டது.

நான் சொன்னது வேறு, அம்மா. இங்கே நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஆட்டுக் கருப்பையை அரைத்து, சோதனைக் குழாயில் செம்பு உப்பைக் கலக்கிறோம். அப்போது கருவைத் தாங்கும் ஹார்மோன் தனக்குரிய இடத்தில் சரியாக ஒட்டுவதில்லை. சொம்புத் தண்ணீரில் அவ்வளவு செம்பு இறங்காது. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு எதனால் கலைகிறது என்று ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடத்திடம் கேட்டேன். “நம்ம குழாய்க்கு அது தெரியாதும்மா” என்றார். அதே நினைப்பில் திரும்பி வந்து குழாய்களை மாற்றி அடுக்கி, ஒரு நாள் வேலையை வீணாக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தமிழ்செல்வன் அண்ணன் இந்தப் பக்கம் லாரி ஓட்டி வந்தால் கொஞ்சம் மிளகு கொடுத்தனுப்புங்கள். அக்காவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

மேடம் கூப்பிடுகிறார். அக்காவை நாமக்கல்லில் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அவர் காரணம் சொன்னால் எனக்கும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கோகிலவாணி