குடுவைக்குள் ஒரு வயிறு

வியாழன், இரவு

இல்லை, அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். போன முறை எங்கள் மாத்திரை, வயிற்றைப் போல அமைத்த ஆய்வகக் குடுவையில் சீக்கிரம் கரைந்தது, உடம்பில் மெதுவாகத்தான் கரைந்தது. குடுவையைக் கலக்கும் துடுப்பின் வேகம்தான் தவறு என்று தோன்றியது. குறைத்தேன்.

"வயித்துக்குள்ள யாரு துடுப்பு போட்டுகினு கீறாங்க?" என்றார் உடன் வேலை செய்யும் ரஹீம் அண்ணன். இதுவும் தவறினால், குடுவையை வைத்துக் கணிக்கும் என் முறையையே கைவிடுவதாக நிறுவனத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

இன்று, மாத்திரையை விழுங்கிய தன்னார்வலர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. ரத்தத்தில் மருந்து எப்படி ஏறும் என்று குடுவையை வைத்து நான் முன்பே வரைந்த கோட்டின் மேலேயே அவர்களுடைய கோடும் படிந்தது. அண்ணன் திரையில் இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தார்.

"இனிமே மாத்திரைல பண்ற சின்ன மாத்தத்துக்கெல்லாம் ஆளுங்கள ஊசியால குத்த வேணாம்மா. உன் குடுவையே போதும்."

கேளம்பாக்கத்தில் பஸ் ஏறியும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு ஊற்றி, இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.