மூன்று சர்வோக்களும் ஓர் ஈர்க்குச்சியும்

மாசி 4, திங்கள்

காலையில் பனி. சிவராத்திரிக்குக் கண் விழித்தது, இன்னும் எரிகிறது. உளுந்து இரண்டு இலை விட்டாயிற்று.

மாலை கோயில் திடலில் இவர் தன் ரிமோட் கிளைடரை, கையால் செதுக்கிய குட்டி விமானத்தை, விட்டார். மேலே போனதும் இறக்கையில் நடுக்கம். தென்னையில் உரசி இறங்கியது. கத்தாரில் இருந்தவரை லீவு நாளெல்லாம் இதற்காகவே உளி பிடித்த மனுஷர். முகம் விழுந்துவிட்டது.

இறக்கை ஓரத்தைத் தூக்கி இறக்கும் குட்டி மோட்டாரை, சர்வோவை, கழற்றிப் பார்த்தோம். பல்சக்கரத்தில் சிவப்புப் பொடி. ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம்.

"ஏம்மா மீனா, அதுக்கு மூச்சு விட வேணாமா? இப்படியா அப்புவ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி 7, வியாழன்

திருச்சியிலிருந்து பார்சல். வேறு வேறு மாதிரியில் இரண்டு சர்வோ. பழையதைப் பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்தேன். எது நல்லது என்று பார்த்துச் சொல்வது என் வேலையாம்.

வீட்டுத் தராசில் நிற்கவில்லை. கடைத்தெரு நகை ஆசாரியிடம் எடுத்துப் போனேன்.

"என்னக்கா, இது எத்தனை கேரட்டு?"

"சும்மா நிறுத்துக் குடுப்பா."

பழசு: 9 கிராம், பிளாஸ்டிக் பல்.
பு.1: 12 கிராம், உலோகப் பல். உர்ர் என்று சத்தம்.
பு.2: 8 கிராம், தட்டை. சத்தமே இல்லை.

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

மாசி 8, வெள்ளி

விளக்கு பூஜை முடிந்து சோதனை. சர்வோவின் கையில் நீள ஈர்க்குச்சி ஒட்டினேன், பின்னால் கோணமானி. ரிமோட் குச்சியை இவர் பாதியில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஈர்க்குச்சி அசையாமல் நின்றால் நல்ல சர்வோ.

பழசு: ஆட்டம்.
பு.1: ஆட்டம்.
பு.2: ஆட்டம்.

"பேட்டரியா இருக்கும்" என்றார். மாற்றினோம். அதே ஆட்டம். "ஒயரைப் பாரு." பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

குங்குமமே காரணமாக இருக்கட்டும் சாமி. என் தப்பாகவே இருக்கட்டும்.

மாசி 9, சனி

இவர் குளிக்கப் போனார். ரிமோட்டை நான் எடுத்துப் பிடித்தேன்.

பழசு: நின்றது.
பு.1: நின்றது.
பு.2: நின்றது. கோடு போட்ட மாதிரி.

மறுபடி மூன்றையும் பார்த்தேன். அதேதான்.

பொங்கலுக்கு முன்னாலிருந்தே இவருக்குக் காபியை முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறேன். சிந்துகிறது என்று கையே குறைத்துக்கொண்டது. ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. சட்டைப் பொத்தான் போட இப்போதெல்லாம் எவ்வளவு நேரம். பாஸ்புக்கில் கையெழுத்து வேறு ஆள் போட்டது போல.

குளித்து வந்து, "என்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்றார். வெங்காயம் என்றேன். சனிக்கிழமை நான் வெங்காயம் தொடுவதில்லை, அவருக்கும் தெரியும்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தேன். என்ன வேண்டுதல் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாசி 10, ஞாயிறு

வெயில். காற்று கிழக்கிலிருந்து, கிளைடருக்கு ஏற்றது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். நேற்றைய பக்கத்தை மடித்துக் கொடுத்திருந்தேன். பிரிக்கவில்லை.

"சரி, எதை மாட்டலாம்? உன் முடிவு என்ன?"

பு.2 என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மாட்டுவார், சாயங்காலமே திடலுக்குப் போவார். அதுவும் ஆடும். அப்புறம் அடுத்ததை வாங்கச் சொல்வார்.

"மூணுமே நல்லதுதாங்க."

"மூணுமேவா?"

"மூணுமே."

என்னையே பார்த்தார். பிறகு வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டார்.