பக்கத்தில் உட்கார்ந்த நேரம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1936 ஜனவரி 12

என் மகன் பேசிலுக்கு,

அப்பா கபிரியேல் தன் சொந்தக் கையால் எழுதுவது. நம்பு. கார்த்திகேசு வாத்தியார் எழுதவில்லை. இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல அவர் தன் யாழ்ப்பாணத் தமிழில் எழுதினார். அதனால் எல்லாக் கடிதத்திலும் நான் யாழ்ப்பாணத்துக்காரனாகவே பேசியிருக்கிறேன். எட்டு மாதமாக உன் தங்கை டொரத்தி எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். அறுபத்து மூன்று வயதில் மகளிடம் திட்டு வாங்குகிறேன். இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. "நீங்க முடிக்கிறதுக்குள்ள அண்ணன் கிழவனாயிரும் லா" என்கிறாள்.

தபால் கொண்டுபோகும் விமானக் கம்பெனிக்கு மனுப் போட்டிருப்பதாகவும், ஐந்நூறு மணி நேரம் பறந்தும் அது போதுமா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஏன் போதாது? எனக்குத் தெரிய வேண்டும். மழையில் பறந்த ஒரு மணியும் வெயிலில் பறந்த ஒரு மணியும் அவர்களுக்கு ஒன்றுதானா? மைலை எண்ணமாட்டார்களா? எத்தனை தடவை இறங்கினாய் என்று கேட்கமாட்டார்களா? நான் டிரைவர் ஆவதற்கு முன் ஏழு வருஷம் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் நின்றேன். உங்கள் விமானத்தில் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதையும் சேர்ப்பார்களா?

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உன் அப்பா
கபிரியேல்


மீனம்பாக்கம், சென்னை
1936 பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேல் கோணல் எழுத்தைப் பார்த்ததும் யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே நீங்கள். நாலு தடவை வாசித்தேன். நீங்களே வாசிப்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

மணி எல்லாம் ஒன்றல்ல, அப்பா. என் ஐந்நூறில் முந்நூறுக்கு மேல் இதே மைதானத்தைச் சுற்றியது. டிக்கெட் வாங்கி வருகிறவர்களை ஏற்றி, பத்து நிமிஷம் கடலைக் காட்டி இறக்கிவிடுவோம். கம்பெனி அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஊர் விட்டு ஊர் போனது எத்தனை, இருட்டில் இறங்கியது எத்தனை, மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாமல் முன்னால் உள்ள கருவிகளின் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டியது எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். அதைப் பழகுவதற்காகத் துணியால் என்னைச் சுற்றி மூடிவிடுவார்கள். முன்னால் ஒருவர் வெளியே பார்த்துக்கொள்வார்.

ஊர் விட்டு ஊர், தானே பொறுப்பாக ஓட்டியது நூறு மணி வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு. மெக்கானிக்காக இருந்தபோது பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் எங்கள் விமானக் கிளப் கேப்டனின் பக்கத்தில் உட்கார்ந்து போனது அறுபத்திரண்டு. கூட்டிப் பாருங்கள். கேப்டன் வேலையை விட்டுப் போகிறார். போகுமுன் அந்த அறுபத்திரண்டையும் நீயே ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். நீயும் அதே ஆகாயத்தில்தானே இருந்தாய் என்கிறார்.

மார்ச் இருபதாம் தேதி பேட்டி. இரண்டே இடம். பதினோரு பேர்.

இதுவரை கார்த்திகேசு வாத்தியாருக்கும் சேர்த்தே கடிதம் எழுதினேன். இது உங்களுக்கு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்ததைச் சேர்ப்பார்களா என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகன்
பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
1936 பிப்ரவரி 24

மகனே பேசில்,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. துணியால் மூடிக்கொண்டு பறப்பதை வாசித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த பக்கம் போனதும் சிரிப்பு நின்றது.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் தெரியும். அதை உன் அம்மா சாகும்வரை அவளிடமும் சொல்லவில்லை. வாத்தியாரிடம் சொல்லி எழுதச் சொல்லவும் முடியாது.

எனக்கு டிரைவர் வேலை கொடுக்கும்போது வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று தலையாட்டினேன். ஏழு வருஷம் பக்கத்தில் நின்றவன், கிள்ளான் பாதையில் எல்லா வளைவும் மனப்பாடம். வாசிப்பு எதற்கு என்று நினைத்தேன். பாதையில் வேலை நடந்தால் ஸ்டேஷனில் தாள் கொடுப்பார்கள். என் எஞ்சினில் கரி போட்ட சபாபதி அதை எனக்கு வாசித்துச் சொல்வான். இங்கிலீஷோ தமிழோ, எனக்கு அப்போது எல்லாம் எறும்பு வரிசைதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் சபாபதிக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகக் கரி போட வந்தவனுக்கும் வாசிக்கத் தெரியாது. பத்து தீகா ஸ்டேஷனில் ஒரு தாள் கொடுத்தார்கள். வாசிப்பதுபோல் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். அடுத்த வளைவில் தண்டவாளத்துக்கு அடியில் கல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கல் கூடையோடு ஒரு பெண் நடுவில் நின்றாள். பிரேக்கைப் பிடித்தேன். அவள் கையை நீட்டினால் எஞ்சினைத் தொடலாம், அந்த அளவில் வண்டி நின்றது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிள்ளானில் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். "கபிரியேல் அண்ணே, இது பொன்னான கை" என்றார்கள். அந்தப் பாராட்டுத்தான் எனக்குத் தாங்கவில்லை. பாதையை என் கண் அறியும். அன்றைய பாதையை அந்தத் தாள்தான் அறியும்.

அந்தத் தாள் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. நேற்று டொரத்தியிடம் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள். "இரண்டு மைல் மெதுவாப் போகணும்னு போட்டிருக்கு, அப்பா" என்றாள். என் பென்சிலைச் சீவி வைத்துவிட்டுப் போனாள்.

உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். இதையும் எழுதிவிட்டேன். இனி உன் கையில்.

கபிரியேல்


சென்னை
1936 ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை கிடைக்கவில்லை.

அறுபத்திரண்டு மணியைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். மேலே 'பக்கத்தில் உட்கார்ந்தது' என்று போட்டேன். பேட்டி எடுத்த துரை அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இதை ஏன் பிரித்தாய், சேர்த்து எழுதியிருந்தால் தெரிந்திருக்காதே என்று கேட்டார். என் அப்பா ரயில் ஓட்டினவர், அவர் ஒரு விஷயம் சொன்னார் என்றேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நூறு ஆனதும் வா என்றார். மற்ற இருவரை எடுத்துக்கொண்டார்கள்.

கிளப் விமானம் இனி மாதம் இரண்டு தடவை பெங்களூருக்குப் பத்திரிகைக் கட்டு கொண்டுபோகிறது. அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மழையில் பறக்க முடியாத நாளைக் கழித்தாலும் கிறிஸ்துமஸுக்குள் நூறு ஆகும்.

இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் விமானம் எடுத்தேன், மேகத்துக்குள் போனேன். முள்ளைப் பார்த்தேன். வெளியே வந்தபோது கோபம் இல்லை.

பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
1936 ஏப்ரல் 23

என் மகன் பேசிலுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைக் காட்டி, நான் வாசிக்கட்டுமா என்றார். கொடு இங்கே என்று வாங்கினேன். "கிடைக்கவில்லை" என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். கூட்டி முடித்ததும் வாசித்துவிட்டேன் என்று குதித்தேன். பிறகுதான் என்ன வாசித்தேன் என்று புரிந்தது. வாசலில் உட்கார்ந்துவிட்டேன். டொரத்தி வந்து பார்த்தபோது அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேனாம்.

கோபப்பட்டதையும் எழுதினாயே, அதற்கு முத்தம்.

நேற்று டிக்கெட் எடுத்துக் கிள்ளானுக்குப் போனேன். முதல் தடவையாகப் பயணிகள் பெட்டியில். பத்து தீகாவில் பெயர்ப்பலகை இருக்கிறது அல்லவா, நாலு மொழியில், நம் எழுத்துக் கடைசியில். இருபது வருஷம் அதன் முன்னால் வண்டியை நிறுத்தியவன் நான். 'பத்து' வரை வாசித்தேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

மீதியைத் திரும்பி வரும்போது வாசித்தேன்.

உன் அப்பா
கபிரியேல்