மொட்டு வேண்டாம் என்றேன்

அக்டோபர் 6, ஞாயிறு

சிட்டு, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். பாதிக்கு மேல் வெறும் தாள். அஞ்சாவது படித்த அம்மா எழுத்து, கோணலாகத்தான் வரும். சிரிக்காதே.

நீ போய் மூன்று மாதம். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைக்கணும் என்று உன் சித்தப்பா ஏசுதாஸ் நிற்கிறார். நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாய். கல்லுக்கு என்ன அவசரம்?

அக்டோபர் 8

சுங்குவார்சத்திரத்தில் கல் வெட்டுகிற நடேசன் கடைக்குப் போனோம். பெயருக்குக் கீழே என்ன போட என்று கேட்டார். சுவரோரம் ஒரு மாதிரிக் கல், ‘நிறைவாழ்வு வாழ்ந்தவர்’ என்று. அதைக் காட்டினேன்.

“அது பெருசுங்களுக்குப் போட்றதும்மா. பேரன் பேத்தி பாத்தவங்களுக்கு. உம் பொண்ணுக்கு இன்னா வயசு?”

இருபத்து மூன்று. நான் சொல்வதற்குள், “‘மலராத மொட்டு’ன்னு போடுப்பா,” என்று ஏசுதாஸ் முடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மலராத மொட்டா நீ?

அக்டோபர் 13

உன் தபால் படிப்புப் புத்தகத்தில் நீ பென்சிலால் கோடு போட்ட இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் காலத்து கிரேக்க தேசத்துப் பெரியவர் யாரோ சொன்னதாம். சந்தோஷமாக இருப்பது வேறு, நல்லா வாழ்வது வேறு. மனுஷனுக்குள் இருக்கிற நல்லதெல்லாம் அவன் செய்கிற வேலையில் பூக்கணும். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆயுசு முழுக்க.

ஆயுசு முழுக்க! அப்போ உன்னைச் சேர்த்துக்க மாட்டாரா அவர்?

நீ இதைப் படித்துக்காட்ட வந்த அன்று நான் என்ன சொன்னேன்? “இதப் படிச்சா சோறு வேவுமா? போய்ப் படுடி, காலைல ஷிஃப்டு கீது.” நீ புத்தகத்தை மூடிக்கினு போய்ட்ட. கேட்டிருக்கலாமே. அஞ்சு நிமிஷந்தானே—

அக்டோபர் 14

மீன் குழம்பு. உனக்கும் சேர்த்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

கம்பெனியில் உன் லைனில் வேலை செய்கிற ஜோதி வந்தாள். நீ ரிலீவர் என்று தெரியும். அது என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் சொன்னாள்: பெல்ட்டில் சாமான் வந்துகொண்டே இருக்கும், லைன் நிற்காது. ஒருத்தி பாத்ரூம் போகணும் என்றால், ரிலீவர் வந்து அவள் சீட்டில் உட்கார்ந்தால்தான் எழுந்திருக்க முடியும்.

“இருபத்திரண்டு சீட்டு வேலையும் அக்காக்கு அத்துப்படி ஆன்ட்டி. மத்த ரிலீவருங்கள கூப்ட்டா ‘இப்பத்தானடி போன?’ன்னு எரிஞ்சு வுழுவாங்க. இவங்கள கூப்டவே வேணாம், மூஞ்சியப் பாத்தே வந்துருவாங்க. அவங்க வந்தப்புறந்தான் நாங்க பயமில்லாம தண்ணியே குடிச்சோம்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆனா திமிரு. ‘உன் சீட்டுல உன்ன வுட நான் ஃபாஸ்ட்டுடி’ம்பாங்க.”

அக்டோபர் 21

தனியாகவே நடேசன் கடைக்குப் போனேன். மொட்டு வேண்டாம் என்றேன். சுவரோரத்து மாதிரிக் கல்லையே மறுபடி காட்டினேன்.

“‘மலராத’ வெட்டியாச்சேம்மா!”

“கல்லத் திருப்பிப் போட்டு வெட்டு.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

நவம்பர் 2

கல் வைத்தாயிற்று. ‘கிரேசி – நிறைவாழ்வு வாழ்ந்தவள்.’ ஏசுதாஸ் படித்தார். எனக்கு முன்னாடியே கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் உன் லைன் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு வந்தார்கள். மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் ஒருத்தி கையால் மறைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்ததும் இன்னொருத்தி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கல்லில் போட்டது சரிதான், சிட்டு. ஜோதியிடம் ஒன்றுதான் கேட்காமல் விட்டேன். உனக்கு எழுந்து போகணும்போல இருந்தப்ப, யாருடி வந்து உட்காந்தா?