ஷாம்ப்ரெலியேனில் வண்டி திரும்பும்

நெஷாத்தெல்,
26 நவம்பர் 1973

ஜெர்மேன்,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. ‘நீங்கள்’ போட்டு எழுதச் சொன்னார் வக்கீல்; அதுவும் வரவில்லை. பதினோரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, பிரிந்த பிறகு மரியாதை கொடுத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நேற்றும் நீ வரவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது எனக்கும் தெரியும். ஊரே நடுரோட்டில் உலாத்தியது. மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு சைக்கிளில் போனார். ஆனால் ரயில் ஓடியது, ஜெர்மேன். நீயோ பத்து மணிக்குப் போன் செய்து, “கார் எடுக்கக் கூடாதாமே, நான் என்ன பண்ணட்டும்?” என்கிறாய். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு காய்ச்சல். இன்னொரு ஞாயிறு பாதி மலை ஏறிவிட்டு, மூடுபனி என்று திரும்பிப் போனாய். நேற்றோடு மூன்று.

கொரின் மதியம் வரை கோட்டைக் கழற்றவில்லை. “அப்பா நடந்து வர்றாரோ என்னவோம்மா” என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை இப்படி நம்புகிறாள்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் அவளை நீ கூட்டிப் போகும் ஞாயிறுகளை நிறுத்தச் சொல்லி நீதிபதியிடம் மனுப் போடப் போகிறேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். பிறகு சொல்லவில்லையே என்று கேட்காதே.

லிலியான்

•

லா ஷோ-த-ஃபோன்,
28 நவம்பர் 1973

அன்புள்ள லிலியான்,

எனக்குக் கை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ திட்டியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் என் நிலைமையையும் கேள். பேக்கரியில் ஞாயிறு காலை வேலை முடியவே பத்து ஆகும். காரில் என்றால் மலையைத் தாண்டி அரை மணியில் உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். ரயில் பிடித்து வந்தால் பாதி நாள் போய்விடும். வந்தபின் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? இந்தக் குளிரில் ஏரிக்கரை பெஞ்சுக்கா?

ஒரு யோசனை. 10.05 வண்டியில் நீ அவளை ஏற்றிவிடு. இங்கே 10.45க்கு நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். சாயங்காலம் நானே கூட வந்து விட்டுவிடுகிறேன். வண்டி மாறுகிற வேலை இல்லை. மலைக்குள் போகிற பெரிய சுரங்கப்பாதை முடிந்ததும் இறங்க வேண்டும், அவ்வளவுதான். நீயும் நானும் எத்தனை நூறு தடவை போயிருப்போம்! இதில் என்ன தவறப் போகிறது?

எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாள். அதையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

உன் (இப்படி எழுதலாமா?)
ஜெர்மேன்

•

நெஷாத்தெல்,
30 நவம்பர் 1973

ஜெர்மேன்,

‘உன்’ எல்லாம் வேண்டாம். ஆனால் அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் அந்த ரயிலில் இதுவரை ஏறியதே கிடையாது. எப்போதும் உன் கார்தான். அவள் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய சீட்டைக் கோட்டின் உள்பக்கம் தைத்துவிட்டேன். கண்டக்டரிடம் சொல்லிவைப்பேன். கதவில் சாயக் கூடாது, கழிப்பறைக்குப் போகக் கூடாது, யார் மிட்டாய் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, சுரங்கம் முடிந்ததும் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் மூன்று முறை ஒப்பிக்க வைத்தேன். “அம்மா, நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், போதும்மா” என்கிறாள்.

எதையாவது விட்டுவிட்டோமா? ஏதாவது தோன்றினால் உடனே போன் செய்.

ஆறு மணிக்குள் அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

லிலியான்

•

லா ஷோ-த-ஃபோன்,
3 டிசம்பர் 1973

அன்புள்ள லிலியான்,

நேற்று மாலை கொரினை உன் வாசலில் விட்டபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் இப்போது எழுதுகிறேன்.

10.45 வண்டி நேரத்துக்கு வந்தது. கார் இல்லாத ஞாயிறு, பனிச்சறுக்குக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். கொரின் இறங்கவில்லை. இரண்டு பெட்டி ஏறிப் பார்ப்பதற்குள் வண்டி அடுத்த ஊரான லோக்லுக்குக் கிளம்பிவிட்டது. கவுண்டர்காரர், “தூங்கியிருப்பா சார், லோக்ல்ல இறக்கிடுவாங்க, பதறாதீங்க” என்றார். லோக்லிலும் இல்லை என்று தகவல் வந்தது. இடையில் உனக்கு ஏழு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நீ தேவாலயத்துக்குப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுரங்கத்துக்குள் கதவு திறந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

11.45 வண்டியில் வந்து இறங்கினாள், கையில் ஒரு ஆப்பிளோடு.

ஷாம்ப்ரெலியேன், லிலியான்! காட்டுக்குள் அந்த நிலையத்தில் வண்டி நின்று, வந்த திசையிலேயே திரும்பக் கிளம்பி, வேறு தண்டவாளத்தில் மலை ஏறுமே. பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதைச் சொல்ல வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வண்டி திரும்புகிறது என்றதும் பிள்ளை இறங்கிவிட்டாள். நிலைய அதிகாரி ஓடிப் பிடித்தபோது, தண்டவாளத்தோரமாகப் பனியில் இருநூறு அடி நடந்திருக்கிறாள்.

“ஏண்டா கண்ணு, திரும்பினா அம்மாகிட்டதானே போகும்? பேசாம உக்காந்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

“நீ என்னை வரவேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சேன்பா. அதான் வண்டிய திருப்புறாங்கன்னு. நடந்தே வந்துட்டா அப்புறம் நீ போகச் சொல்ல மாட்டேல்ல?” என்றாள்.

அவள் அழவில்லை. நான்தான் பிளாட்பாரத்தில், அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

இதை நான் மறைத்திருக்கலாம். எனக்கு எதிராக எந்த வக்கீலாலும் இதைவிட நன்றாக எழுத முடியாது. கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் கொடு. ஆனாலும் கேட்கிறேன், லிலியான், நிறுத்திவிடாதே.

ஜெர்மேன்

•

நெஷாத்தெல்,
5 டிசம்பர் 1973

அன்புள்ள ஜெர்மேன்,

நான் தேவாலயத்துக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.

பத்தரைக்கு ஷாம்ப்ரெலியேன் நிலைய அதிகாரி போன் செய்தார். கோட்டில் இருந்த சீட்டைப் பார்த்திருக்கிறார். “உங்க பொண்ணு பத்திரமா இருக்கும்மா. அடுப்புப் பக்கத்துல உக்காந்து பால் குடிச்சிட்டிருக்கு. அடுத்த வண்டில ஏத்திவிடறேன். மேல அவங்க அப்பாவுக்குத் தகவல் சொல்லிடட்டுமா?” என்றார்.

“வேண்டாங்க, நானே சொல்லிக்கிறேன்” என்றேன்.

சொல்லவில்லை.

உன் போன் வந்தபோது நீதான் என்று தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறு அவள் கோட்டோடு காத்திருந்தாளே, நீயும் ஒரு மணி நேரம் காத்திரு என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஏழாவது தடவை வெகுநேரம் அடித்தது. அது ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. ஞாயிறு மாலை வாசலில் நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

கொரின் சொன்னதை நீ மறைத்திருந்தால் நானும் இதை மறைத்திருப்பேன்.

மனு வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. பிள்ளையை நம்பி உன்னிடம் விட முடியாது என்று நீதிபதி முன்னால் எந்த வாயால் சொல்வேன்? இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். கொரினிடம் மட்டும் காட்டாதே.

வருகிற ஞாயிறும் கார் கிடையாது. 10.05 வண்டியில் ஏற்றிவிடுகிறேன். நீ பிளாட்பாரத்தில் நில். போன் அடித்தால் எடுப்பேன்.

லிலியான்