ஆடி மாதத்துப் பக்கம்

ரெட்டியார்சத்திரம்
22-1-1962

தம்பி பாஸ்கலுக்கு, சுருளிவேல் எழுதுவது. பிலாயில் குளிர் கடுமை என்று சொல்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கவரில் என் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைத்திருப்பாய். உன் தங்கை செபாஸ்தியம்மாளை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னைக் கண்டும் காணாமல் போனாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் டிரைவர் ஜெகபர் அலி குடித்துவிட்டு ஓட்டியதால்தான் எரியோட்டு இறக்கத்தில் பஸ் கவிழ்ந்தது என்று நம்பிப் போனாயே, அது பொய். அவன் குடிக்கிற ஆளே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை. நீ வேலையை விட்டுப் போன பிறகு புது பிரேக் போட்டாகிவிட்டது என்று மானேஜிங் டைரக்டர் நாச்சிமுத்து உன்னிடம் சொன்னாராம். யாரும் எதையும் போடவில்லை.

நம் பஸ் கம்பெனி நடந்த லட்சணம் உனக்குத் தெரியாது. நீ பட்டறையே கதி என்று கிடந்தவன். விவசாயிகள் நாலு பேர் பங்கு போட்டு ஆரம்பித்தோம். பெயருக்குப் பின்னால் லிமிடெட் என்று எழுதியதில் எனக்கு அம்புட்டுப் பெருமை. வயதில் மூத்தவன் என்று என்னைச் சேர்மன் ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டைரக்டர்கள் கூட வேண்டும், பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிச் சேர்மன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். நாங்கள் என்றைக்குக் கூடினோம்? தண்ணீர் முறை, நடவு, சந்தை என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். கிளார்க் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே வருவார். தேதியும் எங்கள் பெயர்களும் மட்டும் எழுதியிருக்கும். மற்றதை ஆபீஸில் எழுதிக்கொள்வார்கள். நான் அடியில் கையெழுத்துப் போடுவேன். போன ஆடியில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தோம். சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போட்டேன்.

அந்தப் பக்கம் இப்போது நிரம்பியிருக்கிறது. போன வாரம் நாச்சிமுத்து புத்தகத்தோடு வந்து, கோர்ட்டில் நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று படித்துக் காட்டினார். பிரேக் ஆடியிலேயே மாற்றப்பட்டதாம். சேர்மன் தாமே பஸ்ஸை எரியோடு வரை ஓட்டிப் பார்த்துத் திருப்தி தெரிவித்தாராம். மாட்டு வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டி அறியாதவன் நான். பக்கத்தின் ஓரத்தில் என் விரல் பட்ட சேறு காய்ந்து அப்படியே இருந்தது.

மாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "ஏண்ணே பயப்படுறீக, கம்பெனி வேற, நாம வேற. போட்ட பங்கோட நம்ம பொறுப்பு முடிஞ்சிருச்சு. ஒங்க தோட்டத்த ஒருத்தனும் தொட மாட்டான். மாத்திப் பேசுனீகன்னா நீங்கதான் உள்ள போவீக" என்றார். ஜெகபர் அலிக்கு அப்படி ஒரு எல்லையை யாரும் கட்டித் தரவில்லை. இடுப்பு எலும்பு நொறுங்கி, போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போய்ப் பார்த்தேன். "மிதிச்சேன் மொதலாளி, நிக்கல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மாசி எட்டாம் தேதி கேஸ். கூட்டமே நடக்கவில்லை, பஸ்ஸை நான் பார்க்கவும் இல்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஆனால் என் கையெழுத்துக்கு முன்னால் என் வாய்ச்சொல் நிற்காது என்கிறார் அலியின் வக்கீல். நீ வேலையை விடுவதற்கு முன், ஆவணியில், பிரேக் இன்னும் மாற்றவில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாய். ஆபீஸ் முத்திரை குத்திய அதன் நகல் உன்னிடம் இருக்கிறது. ஆடியில் மாற்றிய பிரேக்குக்கு ஆவணியில் யார் புகார் எழுதுவார்கள்? அந்த ஒரு காகிதம் வந்தால் புத்தகம் பொய்யாகிவிடும். அதை எடுத்துக்கொண்டு நீ என் தோட்டத்துக்கு வந்ததை மறக்கவில்லை. நான் கையில்கூட வாங்காமல், பேருக்குத்தான் சேர்மன் அப்பு, நாச்சிமுத்துகிட்டப் போய்ப் பேசு என்று அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ காகிதத்தை அனுப்பாமல் போகலாம். இருந்தாலும் மறைத்து வாங்க மனம் இல்லை. பஸ் கவிழ்ந்த அன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செபாஸ்தியம்மாள் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வண்டிக்குப் போறேன் என்றாள். நான்தான் கண்டக்டரைக் கூப்பிட்டு, டைரக்டர்களுக்கென்று விட்டிருக்கும் முன் சீட்டை அவளுக்குக் கொடுக்கச் சொன்னேன். படியில் கால் வைத்தவள் திரும்பி, அண்ணன் பிரேக்கப் பத்தி என்னமோ சொல்லிச்சே என்று கேட்டாள். எல்லாம் பார்த்தாச்சு, ஏறு தாயி என்றேன்.

நகலைப் பதிவுத் தபாலில் வக்கீல் பெயருக்கே அனுப்பு, முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கென்று ஒரு வரியும் எழுத வேண்டாம். நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுருளிவேல்