குரவம்பாடி வாயிலில் செல்லாமல் போன இலச்சினைகள்

மழை தப்பாத வெண்கோட்டு நாட்டுக்கும் அதன் மூன்று துறைகளுக்கும் உடையவரான பெருமான் திருவாய் மலர்ந்தபடி, அமைச்சன் பொறையன் எழுதும் ஓலை. நான்கு திசை வாயில் தலைவர்களும், ஊர்ச்சபையாரும், இலச்சினைக்கூடத்துப் பணியாளரும் காண்க. உங்கள் ஊர் அடுப்புகள் அணையாதிருக்கட்டும். வீடுகளில் காய்ச்சல் தணியட்டும்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். சரக்கு இன்ன இடத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்ல இலச்சினை வேண்டும். அது இல்லாமல் எந்த வாயிலும் திறக்காது. இலச்சினை கேட்டு வருகிறவன் கையில் அதிகாரி ஒரு நிறக்கயிறு கொடுத்து, உன் வாசலில் கட்டு என்பார். பிறகு தானே போய், அந்தக் கயிறு அந்த வாசலில் தொங்குவதைக் கண்ணால் பார்த்த பின்னேதான் முத்திரை குத்துவார். அடுத்தவன் வாசலில் போய்க் கயிறு கட்ட எவனாலும் முடியாதல்லவா.

இலச்சினை அதிகாரி எயினன் கெட்ட மனுஷன் இல்லை. காய்ச்சல் பரவியதும் மருந்துக்காரர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தால் ஜனம் செத்துப்போகுமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. முகம் தெரிந்தவர்களுக்குக் கயிறு இல்லாமலே குத்திக் கொடுத்தார். அப்படி வந்தவர்களில் நொச்சிக்காட்டு மருந்துச்சாலைத் தலைவரின் தங்கை புருஷனும் ஒருவன். எயினனோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவன். நொச்சிக்காட்டுப் பெயரில் இலச்சினை வாங்கி, மருந்து என்று சுண்ணாம்புப் பொடியைக் குரவம்பாடிக்கு அனுப்பினான். தின்றவர்கள் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வாயில் தலைவர்களும் கூடி, எயினன் குத்திய எந்த இலச்சினையும் இனிச் செல்லாது என்று முடிவு கட்டினார்கள். புது இலச்சினையில் இடத்தின் பெயர் வெட்டியிருக்க வேண்டும், கயிற்றை இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும், அறுவடைக்கு அறுவடை மாற்ற வேண்டும் என்றார்கள். நல்லவன் சரக்கும் கெட்டவன் சரக்கும் ஒன்றாக வெளியே நின்றன.

எயினன் நொச்சிக்காட்டின் அசல் மருந்தைத் தானே வண்டி கட்டிக் குரவம்பாடிக்குக் கொண்டுபோனார். பழைய இலச்சினைதான் இருந்தது. வாயில் தலைவன் கோளரியின் மனைவி சேந்தி உள்ளே காய்ச்சலில் கிடப்பது வழியிலேயே காதில் விழுந்ததால், எப்படியும் திறப்பான் என்று நம்பினார். என்னைத் தெரியாதா உனக்கு என்று கெஞ்சினார்.

"உங்க முகம் எனக்கு நல்லாத் தெரியும், அண்ணே," என்றான் கோளரி. "முகத்தைப் பார்த்து நீங்க குடுத்ததைத்தான் எங்க ஜனம் தின்னுச்சு."

கதவு திறக்கவில்லை. எயினன் அங்கேயே தன் முத்திரை அச்சைக் கல்லில் வைத்து உடைத்தார். திரும்பிப் போய்ப் புது அச்சு வெட்டி, நொச்சிக்காட்டு வாசலில் கயிறு கட்டச் சொல்லி, சாட்சியோடு பார்த்து, பெயர் வெட்டிய புது இலச்சினையோடு மறுபடி வந்து நின்றார். கோளரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சாட்சியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தான். பிறகு கதவைத் திறந்தான். எயினன் முதல் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் நீட்டினார்.

"எங்க வீட்டுக்கு இனி வேண்டாம்ணே. அடுத்த தெருவுக்குக் கொண்டுபோங்க."

ஆகவே நம் ஆணை: எயினன் குத்திய பழைய இலச்சினைகள் யாவும் உடைக்கப்படுக. நாட்டிலுள்ள ஒவ்வொரு வாசலுக்கும் அவரே நடந்து போய், கயிறு பார்த்து, புதிது கொடுப்பாராக. தண்டனை கேட்டு மன்றாடினார், இதுவே அது. மருந்தைத் தடுத்ததற்காகக் கோளரியைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லிக் குரவம்பாடிச் சபையார் விடுத்த விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவன் அங்கேயே நிற்பான். அரண்மனைச் சரக்கே ஆனாலும், புது இலச்சினை இல்லையேல் அவன் திறக்கலாகாது. உள்ளே யார் கிடந்தாலும் சரி.

பெருமான் கைச்சாத்து. பொறையன் எழுத்து. புது அச்சு பதித்தது.